பன்னிரண்டு வயது ஸ்கேனரும் மூன்று மென்பொருள்களும்

அப்பாவின் அலமாரியைக் காலி செய்தபோது ஒன்பது ஆல்பங்கள், ஒரு தகர டப்பா நிறைய நெகடிவ் சுருள்கள், நூல் கட்டிய மூன்று கடிதக் கட்டுகள் கிடைத்தன. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி ஆளுக்கொரு பிரதி தருகிறேன் என்று உடன்பிறந்தவர்களிடம் வாக்குக் கொடுத்துவிட்டேன். என்னிடம் இருந்தது பன்னிரண்டு வருஷத்துப் பழைய பிளாட்பெட் (கண்ணாடி மேல் வைத்து மூடி எடுக்கும்) ஸ்கேனர் ஒன்று, அதே வயதில் ஒரு டிஎஸ்எல்ஆர் கேமரா. இரண்டும் நல்ல நிலையில்தான் இருந்தன. கணினியோடு பேசத்தான் மறுத்தன.

ஸ்கேனரோடு வந்த சிடியில் இருந்த மென்பொருள் புது விண்டோஸில் ஏறவே இல்லை. தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் என் மாடலுக்கு எதிரே 'ஆதரவு நிறுத்தப்பட்டது' என்று ஒரே வரி. தம்பி எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, புதுசா ஒண்ணு வாங்கிடேன், இதோட ஏன் மல்லுக்கட்டுற?" என்றான். விளக்கு எரிகிறது, கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை, இதைத் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை. அப்படித் தொடங்கிய மல்லுக்கட்டில் கைகொடுத்த மூன்று மென்பொருள்களைப் பற்றித்தான் இந்த மதிப்புரை. காகிதத்தையும் படத்தையும் ஸ்கேன் செய்ய நாப்ஸ்2, நெகடிவுக்கு வியூஸ்கேன், வந்த கோப்புகளை ஒழுங்குபடுத்த டிஜிகாம். நடுவில், கணினியிலிருந்தே கேமராவை இயக்க டார்க்டேபிளும் ஒருமுறை தலைகாட்டும்.

முதலில் தரகர்களைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஸ்கேனரும் படம் திருத்தும் மென்பொருளும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு தரகர் வேண்டும். விண்டோஸில் பழைய தரகர் ட்வெயின். 1992லிருந்து இருக்கிறார். 'சுவாரசியமான பெயர் கிடைக்காத தொழில்நுட்பம்' என்பதன் சுருக்கம்தான் ட்வெயின் என்று ஒரு கேலி அந்தக் காலத்திலிருந்தே உண்டு. இன்னொருவர் விஐஏ, விண்டோஸோடு கூடவே வருகிறவர். லினக்ஸில் அந்த வேலையை ஸேன் பார்க்கிறது. வைஃபை வழியாகப் பேசும் புது ஸ்கேனர்களுக்கு ஈஎஸ்சிஎல் என்று ஒரு வழி இருக்கிறது. அதில் தனி டிரைவரே (கருவியைக் கணினிக்குப் புரியவைக்கும் சின்ன மென்பொருள்) தேவைப்படாது. உங்களிடம் அப்படிப்பட்ட ஸ்கேனர் இருந்தால் என் புலம்பலில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

எனக்கு நடந்தது இது. எங்கெங்கோ தேடி ஸ்கேனரின் பழைய ட்வெயின் டிரைவரை மட்டும் எப்படியோ நிறுவிவிட்டேன். படம் திருத்தும் மென்பொருளைத் திறந்து, ஸ்கேனரிலிருந்து படம் எடு என்ற மெனுவுக்குப் போனால் அங்கே விஐஏ மட்டும் நிற்கிறது. ட்வெயினைக் காணோம். கேபிளை மாற்றினேன், கணினியை அணைத்து அணைத்துப் போட்டேன், டிரைவரை மூன்று முறை எடுத்துவிட்டு மறுபடி ஏற்றினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதிலேயே போனது. காரணம் கடைசியில்தான் தெரிந்தது. டிரைவர் 32 பிட் என்ற பழைய வகை, மென்பொருள் 64 பிட் என்ற புது வகை. 64 பிட் மென்பொருளுக்குள் 32 பிட் ட்வெயின் டிரைவர் நுழையவே முடியாது. பிழைச் செய்தியும் வராது. பட்டியலில் பெயர் இருக்காது, அவ்வளவுதான். உங்கள் ஸ்கேனரும் இப்படி மெனுவில் காணாமல் போயிருந்தால் கேபிளைச் சந்தேகிக்கும் முன் இதைப் பாருங்கள்.

விஐஏ வழியாகப் போனால் என்ன என்று கேட்கலாம். போகலாம். ஆனால் என் ஸ்கேனரில் அந்த வழியில் நெகடிவ் எடுக்கும் மேல் விளக்கே எரியவில்லை, நிறத்துக்கு 16 பிட் ஆழமும் கிடைக்கவில்லை. காகிதம் எடுக்க அது போதும்.

இந்த இடத்தில்தான் நாப்ஸ்2 வந்தது. திறமூல மென்பொருள், இலவசம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். 32 பிட் டிரைவரோடு பேசுவதற்கென்று பின்னால் தனியாக ஒரு சின்ன வேலையாளை வைத்திருக்கிறது. அதனால் என் பழைய ட்வெயின் டிரைவர் அதில் உடனே தெரிந்தது. பட்டியலில் ஸ்கேனரின் பெயரைப் பார்த்ததும் நான் போட்ட சத்தத்தில் தம்பி ஓடி வந்துவிட்டான்.

நாப்ஸ்2வின் உயிர் அதன் ப்ரொஃபைல்களில் இருக்கிறது. எந்தத் தரகர், எந்தத் தாள் அளவு, எத்தனை டிபிஐ (அங்குலத்துக்கு எத்தனை புள்ளி), வண்ணமா சாம்பலா என்று ஒருமுறை சொல்லிப் பெயர் வைத்துவிட்டால் அப்புறம் ஒரே சொடுக்கு. நான் 'கடிதம்', 'படம்', 'படப் பின்புறம்' என்று மூன்று வைத்திருக்கிறேன். மூன்றாவது எதற்கு என்றால், அப்பா ஒவ்வொரு படத்தின் முதுகிலும் பென்சிலால் தேதி எழுதுவார். அதற்கு 150 டிபிஐ சாம்பல் போதும்.

ப்ரொஃபைலில் ஒரு இடத்தில், ஸ்கேனருக்குச் சொந்தமான ஜன்னல் வர வேண்டுமா, நாப்ஸ்2வே அமைப்புகளைக் கொடுக்கட்டுமா என்று கேட்கும். கடிதங்களுக்கு இரண்டாவதுதான் சரி. வேகமாகப் போகும், ஒவ்வொரு தாளுக்கும் ஜன்னல் வந்து உயிரை வாங்காது. படங்களுக்கு நான் முதலாவதைத்தான் வைத்தேன். 'தானியங்கி நிறத் திருத்தம்', 'கூர்மையாக்கு', 'தூசி நீக்கு' மூன்றையும் அணைக்க வேண்டியிருந்தது, அந்த மூன்றும் டிரைவரின் ஜன்னலில்தான் இருந்தன.

இதை அணைக்கச் சொல்வதற்குக் காரணம் ஒரு படம். இருட்டு வாசலில் அப்பா வெள்ளைச் சட்டையோடு நிற்பார், சட்டை மட்டும் பளிச்சென்று தெரியும். தானியங்கித் திருத்தம், 'அடடா, படம் இருட்டாக இருக்கிறதே' என்று முடிவுகட்டி மொத்தத்தையும் வெளிச்சமாக்கியது. சட்டையின் மடிப்பு, பொத்தான், பையில் செருகியிருந்த பேனா எல்லாம் ஒரே வெள்ளைத் திட்டாகிவிட்டன. அப்படி வெளுத்துப் போனதை எந்த மென்பொருளாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. திருத்தத்தை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தேன். படம் மங்கலாக, உப்புச்சப்பில்லாமல் வந்தது. ஆனால் பேனா இருந்தது. ஸ்கேனரிடம் கேட்க வேண்டியது அந்த மங்கலான படத்தைத்தான். அழகுபடுத்தும் வேலையைப் பின்னால் நிதானமாக நாமே செய்துகொள்ளலாம்.

நாப்ஸ்2வில் முதல் நாளே மாற்ற வேண்டியது ஒன்று உண்டு. படத்தைச் சுருக்கிச் சேமிக்கும் ஜேபெக் கோப்பின் தரம் தொடக்கத்தில் 75இல் இருக்கும். ஆவணத்துக்கு அது தாராளம். படத்துக்குப் போதாது. ப்ரொஃபைலின் மேல்நிலை அமைப்புகளில் 'அதிகபட்சத் தரம்' என்று ஒரு கட்டம் இருக்கிறது, அதில் டிக் போடுங்கள். அல்லது தரம் குறையாத டிஃப் கோப்பாகவே சேமியுங்கள். நான் இதைக் கவனிப்பதற்குள் முதல் ஆல்பம் முடிந்துவிட்டது. மறுபடியும் உட்கார்ந்து எடுத்தேன்.

கடிதங்களுக்கு நாப்ஸ்2 போல ஒன்றை நான் பார்த்ததில்லை. எல்லாம் இரண்டு பக்கமும் எழுதியவை, மடிப்பில் விட்டுப்போகும் நிலையில் இருந்தவை. ஒவ்வொன்றையும் கண்ணாடியில் வைத்துப் புரட்டிப் புரட்டி எடுத்தால் பாதி கிழிந்திருக்கும். அதனால் முன்பக்கங்களை முதலில் வரிசையாக எடுத்து, எடுத்ததை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். அப்புறம் அடுக்கின் மேலிருந்து பின்பக்கங்களை எடுத்துக்கொண்டே போனேன். இப்போது பின்பக்கங்கள் தலைகீழ் வரிசையில் இருக்கும் அல்லவா? பக்கங்களைக் கோக்கும் மெனுவில் 'மாற்றுக் கோர்வை' (Alternate Interleave) என்று ஒரு வழி இருக்கிறது. அதைத் தட்டினால் நாற்பது பக்கமும் ஒன்று, இரண்டு, மூன்று என்று சரியாக உட்கார்ந்துவிடுகிறது.

படத்தில் இருக்கும் எழுத்தைப் படித்தெடுக்கும் எழுத்துணரியும் உள்ளே இருக்கிறது. பின்னால் வேலை செய்வது டெசராக்ட். மொழிப் பட்டியலில் தமிழும் உண்டு, தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். அச்சிட்ட பக்கத்தை 300 டிபிஐயில் கொடுத்தால், தேடினால் சொல் கிடைக்கும் பிடிஎஃப்பாக மாற்றித் தருகிறது. அப்பாவின் கையெழுத்தைக் கொடுத்துப் பார்த்தேன். அதை எங்களாலேயே படிக்க முடியாது, டெசராக்டைக் குறை சொல்லிப் பயனில்லை.

டிபிஐ பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். நான் ஒரே படத்தை 300, 600, 1200 என்று மூன்று தடவை எடுத்து, சட்டைப் பொத்தானைத் திரையளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தேன். 300இல் பொத்தான் தெரிந்தது. 600இல் அதன் விளிம்பு கொஞ்சம் திருத்தமானது. 1200இல் கூடுதலாகத் தெரிந்தது காகிதத்தின் சொரசொரப்பு மட்டும். நாலுக்கு ஆறு அங்குலப் படம் 600 டிபிஐயில் 2400க்கு 3600 பிக்சல் வரும். சுருக்காத டிஃப்பாக வைத்தால் சுமார் 26 எம்பி, நிறத்துக்கு 16 பிட் வீதம் 48 பிட்டில் எடுத்தால் அதில் இரட்டிப்பு. 1200க்குப் போனால் எல்லாமே நான்கு மடங்கு. நான் 600இல் நின்றுவிட்டேன். பாஸ்போர்ட் அளவுப் படங்களுக்கு மட்டும் 1200. பெட்டியின் மேல் 12800 என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. உண்மையில் உள்ளே இருக்கும் சென்சாரின் திறன் 4800தான். மிச்சமெல்லாம் மென்பொருள் ஊகித்து நிரப்புவது.

நெகடிவ் கதை வேறு. 35 மில்லிமீட்டர் சட்டம் 24க்கு 36 மில்லிமீட்டர்தான், 600இல் எடுத்தால் தபால்தலை மாதிரி வரும். 2400இல் எடுத்தால் சுமார் 77 லட்சம் பிக்சல். இங்கே நாப்ஸ்2வைக் கொண்டுவரக் கூடாது. அது காகிதத்துக்கான மென்பொருள், நெகடிவின் ஆரஞ்சு நிறத்தை என்ன செய்வதென்று அதற்குத் தெரியாது. அதற்கு வியூஸ்கேன்.

வியூஸ்கேனை எழுதியவர் எட் ஹாம்ரிக், 1998 முதல் இருக்கிறது. நிறுவனங்கள் கைவிட்ட ஸ்கேனர்களுக்கும் தன் சொந்த டிரைவரையே உள்ளே வைத்திருக்கிறது என்பதுதான் அதன் புகழ். இது இலவசம் இல்லை. சோதித்துப் பார்க்க விடுகிறது, ஆனால் படத்தின் மேல் குறுக்கே முத்திரை விழும். முதலில் சோதனைப் பதிப்பில் உங்கள் ஸ்கேனர் ஓடுகிறதா, மேல் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள், அப்புறம் வாங்குங்கள். என் ஸ்கேனரின் மேல் விளக்கு மாதக்கணக்கில் தூங்கிவிட்டு இதில்தான் எரிந்தது.

திறந்ததும் அமைப்புகளைக் கண்டு மிரளத் தேவையில்லை. நான் முதலில் உள்ளீடு, நிறம், வெளியீடு ஆகிய மூன்று தாவல்களில் மட்டும்தான் கை வைத்தேன். உள்ளீட்டில் ஊடக வகையை 'வண்ண நெகடிவ்' என்று மாற்ற வேண்டும். மறந்தால் எல்லார் முகமும் நீலப் பேய் மாதிரி வரும். நிறத்தில் வெள்ளைப் புள்ளி, கறுப்புப் புள்ளி இரண்டையும் பூஜ்யத்துக்குக் கொண்டுபோனேன், அந்தச் சட்டைப் பாடம்தான். வெளியீட்டில் டிஃப்போடு கூட 'ரா' கோப்பையும் சேமிக்கச் சொன்னேன்.

அந்த ரா கோப்பு பெரிய வரம். ஸ்கேனர் பார்த்ததைப் பார்த்தபடியே வைத்துக்கொள்கிறது. பின்னால் நிறம் பிடிக்கவில்லை என்றால், உள்ளீட்டில் ஸ்கேனருக்குப் பதிலாக 'கோப்பு' என்று தேர்ந்தெடுத்து, அதையே மறுபடி ஸ்கேன் செய்வதுபோல் ஓட்டலாம். நெகடிவைத் தொடவே வேண்டாம். நான் இரண்டு சுருள்களை இப்படி மூன்று முறை மாற்றிப் பார்த்துவிட்டுத்தான் திருப்தியானேன்.

ஒரே சுருளில் ஒரு படம் பச்சையாகவும் அடுத்தது சிவப்பாகவும் வருகிறதா? படம் எதுவும் பதியாத வெற்று ஃபிலிம் பகுதியை முதலில் முன்னோட்டம் பார்த்து எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) மாறாமல் பூட்டுங்கள், மறுபடி முன்னோட்டம் பார்த்து ஃபிலிமின் அடி நிறத்தைப் பூட்டுங்கள். அப்புறம் அந்தச் சுருள் முழுக்க ஒரே மாதிரி வரும். அகச்சிவப்புக் கதிர் வைத்துத் தூசி நீக்கும் வசதி உங்கள் ஸ்கேனரில் இருந்தால் வண்ண நெகடிவுக்கு அற்புதம். கறுப்பு வெள்ளைக்கு மட்டும் அணைத்துவிடுங்கள். அந்த ஃபிலிமில் படமே வெள்ளித் துகள்தான், அது அகச்சிவப்பை மறைப்பதால் மென்பொருள் முகத்தையே தூசி என்று நினைத்துத் துடைக்கப் பார்க்கும்.

கேமராவுக்கு வேலை வந்தது இரண்டு ஆல்பங்களால். பசைத் தாளில் படத்தை ஒட்டி மேலே பிளாஸ்டிக் மூடுவார்களே, அந்த வகை. படம் தாளோடு ஒன்றிப் போயிருந்தது, உரித்தால் போச்சு. ஆல்பமும் கனம், ஸ்கேனர் மூடி மூடாது. சரி, மேலிருந்து கேமராவால் எடுத்துவிடலாம் என்று முடிவு செய்தேன். ஒவ்வொரு முறையும் குனிந்து பட்டனை அழுத்தினால் கேமரா ஆடும், ஆகவே கணினியிலிருந்தே சுட வேண்டும். இதை நான் லினக்ஸ் மடிக்கணினியில் டார்க்டேபிளில் செய்தேன்.

கேமராவை இணைத்தேன். கணினி அதைப் பென் டிரைவ் மாதிரி காட்டியது, படங்களை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் கட்டளை கொடுக்க முடியவில்லை. கேமராவின் மெனுவில் யூஎஸ்பி என்ற இடத்தில் 'சேமிப்பகம்' என்றிருந்ததை 'பிடிபி' (கேமராவும் கணினியும் பேசிக்கொள்ளும் முறை) என்று மாற்றியதும் டார்க்டேபிளில் கேமராவின் பெயர் வந்தது. ஆனால் வேறு ஏதோ செயலி கேமராவைப் பிடித்து வைத்திருக்கிறது என்றது. பிடித்து வைத்திருந்தது கோப்பு மேலாளர். கேமராவைச் செருகியதுமே ஆசையாக ஓடிவந்து திறந்துவிடுகிறது. அதில் கேமராவை 'வெளியேற்று' என்று கொடுத்த பிறகுதான் டார்க்டேபிளுக்கு விட்டுக்கொடுத்தது. கேமரா தானாகத் தூங்கும் நேரத்தையும் நீட்டி வையுங்கள். இல்லாவிட்டால் பக்கம் திருப்புவதற்குள் இணைப்பு அறுந்து மறுபடி முதலிலிருந்து.

கேமராவின் அமைப்புகள் எளிது. மேனுவல் மோடு, ஐஎஸ்ஓ 100, எஃப் 8, ரா கோப்பு, லென்ஸின் அதிர்வு நீக்கி அணைப்பு. இரண்டு விளக்குகளை இரு பக்கமும் 45 டிகிரியில் வைத்தால் பிளாஸ்டிக்கில் பளபளப்பு விழாது. ஒரு சாம்பல் நிற அட்டையை முதல் படத்தில் வைத்து எடுத்து, வெள்ளைச் சமநிலையை அதிலிருந்து பிடித்துக்கொண்டேன். கேமரா தாளுக்கு நேர் மேலே இருக்கிறதா என்று பார்க்க ஒரு கைக்கண்ணாடி போதும். ஆல்பத்தின் நடுவில் கண்ணாடியை மல்லாக்க வைத்து வ்யூஃபைண்டரில் பாருங்கள். லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் தெரிந்தால் கேமரா நேராக இருக்கிறது. தெரியாவிட்டால் டிரைபாடை நகர்த்துங்கள். குமிழி மட்டத்தைவிட இதைத்தான் நான் நம்புகிறேன்.

இப்படி மூன்று வழியாக வந்த கோப்புகளையும் ஒன்றாகச் சேர்த்தது டிஜிகாம். இதுவும் இலவசம், திறமூலம். இதில் எனக்கு உதவியவை இரண்டுதான். ஒன்று, இறக்கும்போதே பெயர் மாற்றுவது. கேமராவின் கோப்புப் பெயர்கள் நான்கு எழுத்தும் நான்கு இலக்கமுமாகத்தான் இருக்கும். என் கேமராவில் எண்கள் தொடர்ந்து போகாமல் ஒவ்வொரு கார்டுக்கும் 0001இலிருந்து தொடங்கும்படி வைத்திருந்திருக்கிறேன். இரண்டாவது கார்டைக் கைமுறையாக நகலெடுத்தபோது 'இதே பெயரில் கோப்பு உள்ளது, மாற்றி எழுதவா?' என்று கணினி கேட்டது. தூக்கக் கலக்கத்தில் ஆம் என்றேன். முதல் கார்டின் முப்பது சொச்சம் படங்கள் போயின. டிஜிகாமில் தேதியும் நேரமும் பெயராக வரும்படி ஒரு விதி எழுதி வைத்த பிறகு அந்தப் பிரச்சினை இல்லை.

இன்னொன்று தேதி. ஸ்கேன் செய்த படத்துக்கு ஸ்கேன் செய்த நாள்தான் தேதி. அதனால் அப்பா அம்மா கல்யாணப் படமும் போன வாரம் எடுத்த பூனைப் படமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். நேரத்தைத் திருத்தும் கருவியில் ஒரு கட்டுப் படங்களைத் தேர்ந்தெடுத்து, முதுகில் பென்சிலில் இருக்கும் தேதியைக் கொடுத்தால் எல்லாம் தத்தம் வருஷத்துக்குப் போய்விடுகின்றன.

மறக்கும் முன் ஒன்று. பிளாட்பெட்டை வீட்டுக்குள் இடம் மாற்றி வைத்துவிட்டு முதல் ஸ்கேனில் கரகரவென்று சத்தம் வந்தால் பயப்படாதீர்கள், அடியில் ஒரு பூட்டு இருக்கும். சுமந்துபோகும்போது உள்ளே இருக்கும் கை ஆடாமலிருக்கப் போடுவது. தம்பிதான் அதைப் போட்டிருந்தான், நல்ல எண்ணத்தில்.

எட்டு ஆல்பங்கள் முடிந்துவிட்டன, கடிதங்களும் முடிந்தன. பசை ஆல்பத்தில் ஒன்று பாக்கி, டப்பாவில் பாதிச் சுருள்கள் பாக்கி. ஸ்கேனர் முகப்பில் நான்கு பொத்தான்கள் இருக்கின்றன, எந்த மென்பொருளிலும் அவற்றை என்னால் எழுப்ப முடியவில்லை. போகிற வருகிறவர்கள் அழுத்திப் பார்த்துவிட்டு "ஓடலையே" என்கிறார்கள். அதன் மேல் ஒரு டேப் ஒட்டியிருக்கிறேன்.